படுக்கையில் அம்மா: மகன்மாருக்கு எந்த வேலையைக் கொடுப்பது?

உப்புவெளி_மகள்:
அம்மாவுக்கு 71 வயது. பாரிசவாதம், வலப்பக்கம் இயங்காது. வாயால் சாப்பிடுவா. ஆஸ்பத்திரியில் டிக்கெட் வெட்டி வீட்டுக்கு விட்டாச்சு. அண்ணா பக்கத்து ஒழுங்கையில், தம்பி கொழும்பில். ரெண்டு பேரும் காசு தருகினம். மற்றதுக்கு "பொம்பிளைப் பிள்ளை பார்க்கிற மாதிரி வருமே" என்ற பதில்தான். நானும் வேலைக்குப் போறவள். எந்த வேலையை அவர்களிடம் கொடுக்கலாம்? மகன் தாயைக் கழுவித் துடைக்கலாமா என்று சொந்தத்துக்குள்ளே ஒரு கதை வேற.

வாட்_மிஸ்ஸி:
பெண்கள் வாட்டில் இரவில் ஆம்பிளைகளை நிற்க விடுவது குறைவு. அதனால் மிஸ்ஸிமார் (தாதிமார்) செய்துகாட்டிப் பழக்குறதெல்லாம் மகள் அல்லது மருமகளின் கைக்கே போகுது. வீட்டுக்கு வந்த பிறகு "அவனுக்குப் பழக்கமில்லை" என்கிறோம். பழக்கவில்லை என்பதுதான் சரி. அண்ணாவை நாலு நாள் பக்கத்தில் நிற்பாட்டிச் செய்ய விடுங்கோ. நீங்கள் செய்துகாட்ட அவர் பார்த்துக்கொண்டிருந்தால் கை பழகாது.

முதலில் புரட்டுறது. ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா, ஒரு நாளைக்கு 12 தரம். காற்று மெத்தை போட்டாலும் இதை விடேலாது. பெட்சீற் ஒன்றை இரண்டாய் மடித்து, தோளில் இருந்து தொடை வரை வருகிற மாதிரி அம்மாவுக்குக் கீழே விரியுங்கோ. ரெண்டு பக்கமும் ஒவ்வொருவர், உடம்புக்குக் கிட்டப் பிடித்து, எண்ணி, ஒரே நேரத்தில் தூக்கி நகர்த்தவேணும். இழுத்தால் தோல் உரசிக் கிழியும், புண் அங்கேதான் தொடங்கும். வலது கையைப் பிடித்து இழுக்கவே கூடாது. தசை பிடிப்பில்லாத தோள் மூட்டு இறங்கிவிடும், பிறகு மாதக்கணக்கில் நோ.

சரித்துப் படுக்க வைத்தால் முதுகுக்குத் தலகணி. மல்லாக்காக என்றால் கெண்டைக்காலுக்குக் கீழே ஒன்று, குதிக்கால் மெத்தையில் முட்டாமல். சிவந்த இடத்தை விரலால் அழுத்திப் பாருங்கோ. வெளிறாமல் சிவப்பாகவே நின்றால் புண் தொடங்கிவிட்டது. அந்த இடத்தைத் தேய்க்க வேண்டாம், எண்ணெயும் வேண்டாம், அந்தப் பக்கம் படுக்க விடாமல் மருத்துவருக்குக் காட்டுங்கோ. கச்சான் காற்றுக் காலத்தில் ரெக்சின் விரிப்பு நேரே முதுகில் பட்டால் வியர்வையில் தோல் ஊறிப்போகும். மேலே பருத்தித் துணி கட்டாயம்.

சாப்பாடு: நிமிர்ந்து இருத்தி, நாடி (மோவாய்) சற்றுக் கீழே பார்த்தபடி, தேக்கரண்டியால் இடது கடைவாய்ப் பக்கம். முடிந்ததும் வலது கன்னத்துக்குள் சோறு ஒதுங்கி நிற்குதா என்று பாருங்கோ. அரை மணித்தியாலம் படுக்க விடக்கூடாது. தண்ணிக்கு இருமினால் நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரியில் சொல்லுங்கோ. விழுங்குறது சரியில்லை என்று அர்த்தம்.

இதில் எந்த வேலைக்கு வளையல் வேணும்?

திருக்கடலூரான்:
மிஸ்ஸி சொன்னது வேலை. பங்கு வேற கதை. எங்கட திருகோணமலைப் பக்கம் வீடு மகளுக்குச் சீதனமாகப் போகும், தாய் தகப்பனும் அந்த வீட்டிலேயே இருப்பினம். வீட்டோட பராமரிப்பும் எழுதிக்கொடுத்த மாதிரி ஆகிப்போச்சு. ஆம்பிளைகள் "உதவிக்கு" வருவினம். உதவிக்கு வாறவருக்கு ஒவ்வொரு தரமும் நீங்கள்தான் நினைவுபடுத்தவேணும், அது தனியா ஒரு வேலை.

அதால நேரத்தைப் பிரியுங்கோ. இரவு 10 மணியில் இருந்து காலை 4 மணி வரை, கிழமையில் மூன்று இரவு அண்ணாவுக்கு. அந்த நேரத்துக்குள் புரட்டுறது, பம்பர்ஸ், தண்ணி, இருமல் எல்லாம் அவர் பொறுப்பு. கட்டில் தலைமாட்டில் ஒரு கொப்பி: நேரம், எந்தப் பக்கம், சலம் மலம், எவ்வளவு சாப்பிட்டா. பிழை விட்டால் கொப்பியில் தெரியும். சீற்றின் மறுபக்கம் பிடிக்க ஆள் வேணுமென்றால் அவரே கூப்பிடட்டும். கூப்பிடாமல் நடுவில் நீங்கள் எழும்பிப் போய்த் திருத்தினால் அடுத்த கிழமை மூன்று இரவும் திரும்ப உங்களுக்கே.

கழுவுறது பற்றி: கூச்சம் அம்மாவுக்கா, அண்ணாவுக்கா, சொந்தத்துக்கா? அம்மாவைக் கேளுங்கோ. அவ வேண்டாம் என்றால் அதை மட்டும் நீங்கள் வைத்துக்கொண்டு, தூக்குறது, இரவு, சாப்பாடு அண்ணாவுக்கு. அவ சம்மதித்தால் முன்பக்கம் பொத்தான் வைத்த நைட்டி, மேலே ஒரு போர்வை. கழுவுகிற பகுதியை மட்டும் திறந்து, முன்னிருந்து பின்னாகத் துடைத்து, ஈரம் ஒற்றி எடுத்து மூடலாம். மற்ற வீட்டுக் கதைக்கு மறுமொழி சொல்லிக்கொண்டிருந்தால் பம்பர்ஸ் மாற்ற நேரம் தப்பும்.

உப்புவெளி_மகள்:
நன்றி. தம்பிக்கு? தூரத்தில் இருக்கிறவன் காசோட முடிச்சுக்கொள்ளலாமா?

மனையாவெளி:
இல்லை. நினைவில் வைத்திருக்கிற வேலை முழுக்க அவருக்கு. கிளினிக் கொப்பியின் ஒவ்வொரு பக்கமும் படம் எடுத்து வட்சப்பில் அனுப்புங்கோ. கிளினிக் திகதி, வாகனம், பிரஷர் குளிசை இன்னும் எத்தனை நாளைக்கு, எல்லாம் அவர் கணக்கு. ஞாயிறுதோறும் வீடியோவில் குளிசையை எண்ணட்டும். பம்பர்ஸ் நாளுக்கு 4 என்றால் மாதம் 120. முடியுமுன் வாங்கி அனுப்புறது அவர். மாதத்தில் ஒரு சனி ஞாயிறு வந்து அந்த 48 மணித்தியாலம் நின்றால் நீங்கள் வெளிக்கிட்டுப் போகலாம். வர ஏலாத மாதம் கூலிக்கு ஆள் பிடிக்கிறதும் அவர்தான், அதற்கும் உங்களை விசாரிக்க விடாதீங்கோ.

சட்டம் யாரும் கேட்டால்: இலங்கையின் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் பெற்றோரைப் பராமரிக்கும் கடமையைப் பிள்ளைகள் மேல் வைக்குது. மகள் என்று தனியாக எழுதவில்லை. பராமரிப்புக் கோரிக்கையை விசாரிக்க அதன் கீழ் ஒரு சபையும் இருக்கு. ஆனால் அங்கே கிடைக்கிறது பராமரிப்புக் காசு. இரவு 2 மணிக்குப் புரட்ட ஆள் வேணுமென்றால் அண்ணாவோடதான் பேசவேணும்.