முதல்முறை பட்டிமன்றம், 8 நிமிடம்: மனப்பாடமா, குறிப்பா?

தேரடித்தெரு:
வணக்கம். எங்கள் ஊர்க் கோயில் கொடையில் பட்டிமன்றம் வைக்கிறார்கள். பிள்ளைகளை ஆளாக்குவதில் பெரும்பங்கு வீட்டுக்கா, பள்ளிக்கா என்பது தலைப்பு. பள்ளி அணியில் நான் இரண்டாவது ஆள். ஆளுக்கு 8 நிமிடம். உட்கார்ந்து பேசினால் சிக்கல் இல்லை. மைக்கைப் பிடித்து நின்றால்தான் கை நடுங்கி, வாய் உலர்ந்து, பேச்சு ஓட ஆரம்பித்துவிடுகிறது. 4 பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். அதை அப்படியே மனப்பாடம் செய்யவா? 3 வாரம் இருக்கிறது.

கரிசல்மண்:
முதலில் அந்த 4 பக்கத்தைப் பாதியாக்குங்கள். மேடையில் நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 சொல் போகும் (உங்கள் வேகத்தை கைபேசியில் பதிந்து எண்ணிக்கொள்ளுங்கள்). கைதட்டல், நடுவர் இடையில் போடும் ஒரு வரி, நீங்கள் எழுந்து மைக்குக்கு வரும் நேரம் எல்லாம் கழிந்தால் கையில் நிற்பது ஆறரை நிமிடம். 600 சொல்லுக்கு மேல் எழுதினால் கடைசியில் ஓட வேண்டியிருக்கும். உங்கள் வேகத்துக்குப் பாதிக் காரணம் இதுவாகவே இருக்கலாம்.

அடுத்தது வாக்கியம். நாம் எழுதும்போது 'சென்று, கண்டு, உணர்ந்து' என்று எச்சங்களை அடுக்கிக்கொண்டே போய் வினைமுற்றைக் கடைசியில் வைப்போம். படிக்க நன்றாக இருக்கும். கேட்பவருக்கு அந்த முற்று வரும்வரை எதுவும் பிடிபடாது, பேசுபவருக்கு மூச்சும் போதாது. பத்துச் சொல்லுக்குள் ஒரு முற்று வரட்டும். "வகுப்பில் 40 பிள்ளைகள். ஒரே ஒரு கால்பந்து. விட்டுக்கொடுக்காமல் ஆட முடியுமா?" இப்படி.

இரண்டாவது ஆளுக்கென்றே ஒரு தலைவலி உண்டு: உங்கள் அணியின் முதல் ஆள் உங்கள் உதாரணத்தைச் சொல்லி முடித்திருப்பார். முன்கூட்டியே உட்கார்ந்து யாருக்கு எது என்று பிரித்துக்கொள்ளுங்கள். அதற்கு மேலும் இரண்டு உதாரணம் கையிருப்பில் இருக்கட்டும். உங்களுக்கு முன் பேசும் வீட்டு அணிக்காரர் சொன்ன ஒரே ஒரு வாதத்தை, அவர் வாயிலிருந்து வந்தபடியே ஒரு வரி குறித்துக்கொண்டு, முதல் ஒரு நிமிடத்தில் அதற்குப் பதில் சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் பதில் சொல்லப் போனால் உங்கள் வாதத்துக்கு நேரம் இருக்காது. அதுபோலத்தான் 'மேடையில் வீற்றிருக்கும்' என்று பெயர் பெயராக விளிப்பதும். விழாத் தலைவர், நடுவர், அவை, மூன்றையும் ஒரே வரியில் வணங்கிவிட்டு உள்ளே போய்விடுங்கள்.

முழு மனப்பாடம் வேண்டாம். ஒரு சொல் அறுந்தால் அடுத்த வரியும் வராது. தொடக்கம் நான்கு வரி, முடிவு மூன்று வரி, மேற்கோள் காட்டும் குறள், இவை மட்டும் எழுத்துப் பிசகாமல் வேண்டும். நடுவில் இருப்பதைத் தினம் ஒருமுறை வெவ்வேறு சொல்லில் சொல்லிப் பாருங்கள்.

ஒலிபெருக்கி:
மைக் பக்கம் நான் சொல்கிறேன். கையில் பிடிப்பது என்றால் வாயிலிருந்து நான்கு விரல் தூரம், மோவாய்க்கு நேராகக் கீழிருந்து சற்றுச் சாய்த்து. வாய்க்கு நேராக வைத்தால் 'ப' வரும் இடமெல்லாம் பட் பட்டென்று காற்று அடிக்கும். வலைத்தலையைக் கையால் பொத்தாதீர்கள், பல பேர் பாடகர்களைப் பார்த்துச் செய்வது இது. பொத்தினால் மைக் பின்பக்க ஒலியையும் சேர்த்து வாங்கி ஊளையிடும்.

தெருவெல்லாம் கூம்பு ஒலிபெருக்கி கட்டியிருந்தால் இன்னொன்று கவனியுங்கள். 34 மீட்டர் தள்ளி இருக்கும் கூம்பிலிருந்து உங்கள் குரல் உங்களுக்கே பத்தில் ஒரு நொடி தாமதமாக வந்து சேரும். அதைக் காது கவனித்தால் நாக்கு தடுமாறும். வாக்கிய முடிவில் வாயை மூடி, எதிரொலி அடங்கிய பின் அடுத்ததைத் தொடங்குங்கள். கத்தத் தேவையில்லை. ஆள் கூடுவதற்கு முன்பே போய், ஒலி அமைப்பவரிடம் சொல்லி, உங்கள் முதல் நான்கு வரியை அந்த மைக்கிலேயே பேசிப் பாருங்கள். 'ஹலோ, ஒன், டூ' சொன்னால் எதுவும் தெரியாது.

மாடத்துப்புறா:
நடுக்கம் பற்றி. அது அட்ரினலின் வேலை, அதிகமாக இருப்பது பேச ஆரம்பிக்கும் நேரத்திலும் முதல் ஓரிரு நிமிடத்திலும்தான். அதனால்தான் தொடக்க வரிகளை மட்டும் கல்லில் செதுக்கியதுபோல் வைக்கச் சொல்கிறார்கள். கரிசல்மண் சொன்னதில் ஒன்று சேர்க்கிறேன்: மனப்பாடம் இல்லையென்றால் குறிப்பு கட்டாயம், ஆனால் ஏ4 தாள் கூடாது. கை லேசாக நடுங்கினாலே தாள் படபடக்கும். அஞ்சலட்டை அளவுக் கெட்டி அட்டை நான்கு, அட்டைக்கு ஐந்து சொல், மூலையில் எண். கீழே விழுந்தால் எண்தான் காப்பாற்றும்.

உங்கள் முறைக்கு முந்தியவர் முடிக்கும் நேரத்தில் நான்கு எண்ணி மூச்சை இழுத்து, எட்டு எண்ணி விடுங்கள், ஐந்து முறை. இழுப்பதைவிட விடுவது நீளமாக இருந்தால்தான் நெஞ்சுத் துடிப்பு தணியும். காபி வேண்டாம், நடுக்கத்தைக் கூட்டும். வெறும் தண்ணீர் ஒரு வாய் போதும்.

'பதற்றமாக இருக்கிறது, மன்னிக்கவும்' என்று தொடங்காதீர்கள். உள்ளே நடுங்கும் அளவுக்கு வெளியே தெரியாது. சாவிட்ஸ்கி, கிலோவிச் என்ற இரு உளவியலாளர்கள் 2003இல் இதைச் சோதித்தார்கள். 'உங்கள் பதற்றம் நீங்கள் நினைக்கும் அளவுக்கு அவைக்குத் தெரியாது' என்று முன்பே விளக்கப்பட்டவர்கள் மற்றவர்களைவிட நன்றாகப் பேசினார்கள்.

அருகில் டோஸ்ட்மாஸ்டர்ஸ் கிளப் (மேடைப் பேச்சு பழகுபவர்கள் கூடும் இடம்) இருந்தால் விருந்தினராகப் போய் உட்காருங்கள். தமிழிலேயே நடத்தும் கிளப்புகளும் உண்டு. அங்கே ஒருவர் உங்கள் 'வந்து', 'இப்ப பாத்தீங்கன்னா' எல்லாவற்றையும் எண்ணிச் சொல்வார்.

தேரடித்தெரு:
அனைவருக்கும் நன்றி. நடுவில் சுத்தமாக மறந்துவிட்டால்?

கரிசல்மண்:
கடைசியாகச் சொன்ன வரியை, சற்று நிதானமாக, அவையைப் பார்த்துத் திரும்பச் சொல்லுங்கள். அழுத்தத்துக்காகச் சொல்கிறீர்கள் என்றே நினைப்பார்கள். அதற்குள் அட்டையைப் பார்த்துவிடலாம். அப்போதும் வரவில்லையா, அந்த வாதத்தை விட்டு அடுத்த அட்டைக்குப் போங்கள். நீங்கள் எதை விட்டீர்கள் என்று யாருக்கும் தெரியாது.

முதல் மணி எத்தனையாவது நிமிடத்தில் அடிப்பார்கள் என்று நடுவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் ஒரு நிமிடம் மிச்சம் இருக்கும்போது. அது அடித்ததும் கையில் எந்த அட்டை இருந்தாலும் முடிவு வரிகளுக்கான நான்காவது அட்டைக்கு நேராக வந்துவிடுங்கள்.