பையனோட கேம் சாட்ல "அம்மாகிட்ட சொல்லாத"ன்னு ஒருத்தன் எழுதியிருக்கான், இப்ப என்ன பண்றது?

தூக்கம் வராதவள்:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க சத்தமில்லாம படிச்சிட்டு போறவ, இன்னைக்குதான் முதல்முறையா எழுதறேன், கை நடுங்குது, எழுத்துப்பிழை இருந்தா கண்டுக்காதீங்க.

பையனுக்கு 11 வயசு. ஒரு ஆன்லைன் கேம் விளையாடுவான், பேர் வேணாம், எந்த கேமா இருந்தாலும் கதை ஒண்ணுதான்னு இப்ப புரியுது. நேத்து ராத்திரி அவன் டேப்லெட்டை சார்ஜ்ல போடப் போனா ஸ்கிரீன்ல ஒரு நோட்டிஃபிகேஷன், "நாளைக்கு அந்த ஆப்புக்கு வா, இங்க பேச வேணாம்"னு. உள்ள போய் பாத்தா மூணு வாரமா சாட் ஓடியிருக்கு. தனக்கு 12 வயசுன்னு சொல்லியிருக்கு அந்த ஆள். முதல்ல பூரா கேம் பேச்சுதான், அப்புறம் இவனுக்கு ஒரு ஸ்கின் (கேம்ல வர்ற ஆளுக்கு போடற டிரெஸ் மாதிரி) வாங்கி குடுத்திருக்கான், அதுக்கப்புறம்தான் நீ தனி ரூம்லயா தூங்குவ, அம்மா அப்பா எத்தனை மணிக்கு வேலைக்கு கிளம்புவாங்கன்னு ஒவ்வொண்ணா. கடைசியா போட்டோ கேட்டிருக்கான், முகம் மட்டும்தான், இவனும் அனுப்பிட்டான். அதுக்கு கீழ "அம்மாகிட்ட சொல்லாத, சொன்னா கேமை புடுங்கிடுவாங்க"ன்னு இருக்கு.

என்னை உலுக்கி எடுத்தது அந்த கடைசி வரிதான், ஏன்னா அது பொய் இல்ல. நான் புடுங்கத்தான் செஞ்சிருப்பேன்.

வீட்டுக்காரர் எல்லாத்தையும் டெலீட் பண்ணு, டேப்லெட்டை பீரோல வெச்சு பூட்டுன்னு நிக்கிறார். பையன்கிட்ட இன்னும் எதுவும் கேக்கல, சாயங்காலம்தான் வருவான். நானே பையன் மாதிரி பதில் போட்டு அவன் யாருன்னு கறந்துடலாமான்னு வேற தோணுது. தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

ரவுட்டர் ராஜா:

அக்கா, முதல்ல எதையும் டெலீட் பண்ணாதீங்க, அண்ணன் கையில டேப்லெட் போகாம பாத்துக்கங்க 🙂

உங்க போன் கேமராவால அந்த சாட் பூராவையும் மேல இருந்து கீழ வரைக்கும் போட்டோ எடுங்க, தேதி நேரம் தெரியற மாதிரி. அந்த ஆளோட புரொஃபைல் பக்கத்தையும் எடுங்க. மேல தெரியற பேர் மட்டும் போதாது, அதை எப்ப வேணா மாத்திக்கலாம், யூசர்நேமோ ஐடி நம்பரோ இருக்கும் பாருங்க அதுதான் முக்கியம். எடுத்து முடிச்சப்புறம் கேமுக்குள்ளயே ரிப்போர்ட் அடிங்க, பிளாக் பண்றது கடைசியா. நிறைய பேர் பதட்டத்துல முதல்ல பிளாக் பண்ணிடறாங்க, சில ஆப்ல பிளாக் பண்ணதும் சாட்டே காணாம போயிடும், அப்புறம் கையில ஒண்ணும் இருக்காது.

பையன் மாதிரி பதில் போடறது வேணவே வேணாம். மூணு வாரம் பேசினவனுக்கு உங்க பையன் எப்படி டைப் அடிப்பான்னு உங்களைவிட நல்லா தெரியும், ரெண்டே வரில மோப்பம் புடிச்சிட்டு அக்கவுன்டை மூடிட்டு ஓடிடுவான். போலீஸ் தேட வேண்டிய தடத்தையும் நாமளே அழிச்ச மாதிரி ஆயிடும். சைபர் கிரைம்ல புகார் குடுங்க. "ஒண்ணும் நடக்கலையே, இதுக்கு போய் புகாரா"ன்னு யோசிக்காதீங்க, தனி ரூமா, பெத்தவங்க எப்ப வீட்ல இருக்க மாட்டாங்கன்னு ஒரு குழந்தைகிட்ட கேட்டிருக்கான்ல, அதுவே போதும். இவன் இதே கேள்விய இன்னும் எத்தனை பசங்ககிட்ட கேட்டுட்டு இருக்கானோ.

எதிர்க்கட்சி:

எல்லாரும் திட்டுவீங்க, பரவால்ல சொல்லிடறேன். 11 வயசு பையனுக்கு தெரியாதவங்களோட சாட் எதுக்குங்க? இன்ஸ்டாகிராம், டிஸ்கார்ட் எல்லாத்துலயும் 13 வயசுன்னு ரூல் இருக்கு, சும்மாவா வெச்சிருக்காங்க? டேப்லெட்டை வாங்கி உள்ள வைங்க, 13 ஆனப்புறம் குடுங்க, பிரச்சனை முடிஞ்சுது. நாங்கல்லாம் போன் இல்லாம வளரலையா.

ரவுட்டர் ராஜா:

திட்டல சார், சாட் வேணாம்னு நீங்க சொல்றது சரிதான், நானும் அதை ஆஃப் பண்ணத்தான் சொல்லப் போறேன். ஆனா அந்த 13 எங்கிருந்து வந்துச்சுன்னு பாத்தா சிரிப்பு வரும். 1998ல அமெரிக்கால கோப்பான்னு ஒரு சட்டம் போட்டாங்க, 13 வயசுக்கு கீழ உள்ள குழந்தைங்களோட விவரங்களை பெத்தவங்க சம்மதம் இல்லாம வெப்சைட்டுங்க சேகரிக்கக் கூடாதுன்னு. 2000ல நடைமுறைக்கு வந்துச்சு. அந்த சம்மதம் வாங்கற தலைவலியே வேணாம்னு கம்பெனிங்க 13க்கு மேலதான் அனுமதின்னு எழுதி வெச்சிட்டாங்க. 13 வயசுல குழந்தைக்கு விவரம் வந்துடும்னு டாக்டருங்க யாரும் உக்காந்து முடிவு பண்ணதில்ல. 13வது பிறந்தநாள் அன்னைக்கு கையில குடுத்தா மறுநாளே இதே ஆள் வந்து நிப்பான், அப்ப இவனுக்கு அனுபவமும் இருக்காது.

ரெண்டு பொண்ணுக்கு அப்பன்:

சிஸ்டர், நான் சொல்றது செட்டிங்ஸ் இல்ல, சாயங்காலம் பையன் வர்றான்ல, அந்த முதல் அஞ்சு நிமிஷம் பத்தி. அதுல நான் ஒரு தடவை கோட்டை விட்டவன்.

என் மூத்தவளுக்கு 14 இருக்கும்போது ஒரு "ஃபிரெண்ட்" வீடியோ கால்ல பேசறப்ப ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதை ஏதோ பண்ணி அசிங்கமா மாத்தி, பணம் அனுப்பு இல்லன்னா உன் கிளாஸ் குரூப்ல போடுவேன்னு மிரட்டியிருக்கான். நாலு நாள் யார்கிட்டயும் சொல்லல அவ. சாப்பிடல, தலைவலின்னு படுத்தே கிடந்தா, நாங்க பரீட்சை பயம்னு நினைச்சோம். அஞ்சாவது நாள் அழுதுகிட்டே சொன்னப்ப என் வாயில இருந்து முதல்ல வந்தது "உன்னை யாரு அவன்கூட பேசச் சொன்னது". அவ்ளோதான், வாயை மூடிட்டா. மிச்சக் கதை அவ அம்மாகிட்ட வர இன்னும் ரெண்டு நாள் ஆச்சு, அந்த ரெண்டு நாள்ல அவ தன் சேமிப்புல இருந்து அவனுக்கு பணம் அனுப்பிட்டா. அனுப்பினதும் நிறுத்துவான்னு நினைச்சிருக்கா. அவன் அடுத்த நாளே டபுளா கேட்டான், இவகிட்ட கறக்கலாம்னு தெரிஞ்சா விடுவானா.

அதனால சொல்றேன், பையன் வந்ததும் சாட்டை நீட்டி இது என்னடான்னு கேக்காதீங்க. "நான் பாத்துட்டேன், உன் மேல கோவம் இல்ல, டேப்லெட்டை எடுக்கப் போறதில்ல"ன்னு இந்த மூணும் முதல் வாக்கியத்துலயே வரட்டும். அந்த ஆள் போட்ட கணக்கே நீங்க புடுங்குவீங்கன்னுதான், அந்த கணக்கை தப்பாக்குங்க. உங்க வீட்டுக்காரரை அந்த நேரம் கடைக்கு அனுப்பிடுங்க, நான் ஒரு அப்பனா இருந்துகிட்டே சொல்றேன்.

இன்னொண்ணு, முகம் தவிர வேற மாதிரி போட்டோ ஏதாவது போயிருந்தா (போயிருக்காதுன்னு நம்புவோம், ஆனா கேளுங்க, ரெண்டு மூணு நாள் விட்டு மறுபடியும் கேளுங்க) டேக் இட் டவுன்னு ஒரு இலவச சர்வீஸ் இருக்கு. காணாமல் போன குழந்தைகளுக்காக அமெரிக்கால 1984ல ஆரம்பிச்ச ஒரு அமைப்பு 2023ல இருந்து நடத்துது, வேற நாட்ல இருந்தும் பயன்படுத்தலாம், பேர் கூட குடுக்க வேணாம். இதுல நல்ல விஷயம் என்னன்னா போட்டோவை அவங்களுக்கு அனுப்பவே தேவையில்ல, உங்க போன்லயே அந்த படத்துக்கு ஒரு கைரேகை மாதிரி நம்பர் உருவாகும், அந்த நம்பர் மட்டும்தான் போகும், அதை வெச்சு இதுல சேர்ந்திருக்கிற சோஷியல் மீடியா கம்பெனிங்க அந்த படம் தங்ககிட்ட வந்தா தூக்கிடுவாங்க. எல்லா ஆப்பும் இதுல இல்ல, பிரைவேட் மெசேஜுக்குள்ள சுத்தறதையும் புடிக்காது. ஆனாலும் என் பொண்ணுக்கு அது தெரிஞ்ச அன்னைக்குதான் ராத்திரி தூங்கினா.

தூக்கம் வராதவள்:

படிச்சிட்டு அழுதுட்டேன் அண்ணா. ராஜா தம்பி சொன்ன மாதிரி எல்லாத்தையும் போட்டோ எடுத்துட்டேன், 64 போட்டோ வந்துச்சு. ரிப்போர்ட்டும் போட்டாச்சு. செட்டிங்ஸ் என்னென்ன மாத்தணும்னு கொஞ்சம் சொல்லுங்க தம்பி, எனக்கு இதெல்லாம் அவ்வளவா தெரியாது.

ரவுட்டர் ராஜா:

சொல்றேன் அக்கா. முதல் வேலையா கேம் அக்கவுன்ட்ல பிறந்த தேதி என்ன இருக்குன்னு பாருங்க. பசங்க சட்டுனு உள்ள போகணும்னு ஏதோ ஒரு வருஷத்தை அடிச்சு விட்டிருப்பாங்க, 25 வயசு ஆளுன்னு அக்கவுன்ட் நினைச்சுக்கிட்டு இருக்கும். அப்ப குழந்தைங்களுக்குன்னு வெச்ச எந்த பாதுகாப்பும் வேலை செய்யாது. இன்ஸ்டாகிராம் 2024ல டீன் அக்கவுன்ட் கொண்டு வந்துச்சே, 16க்கு கீழன்னா பெத்தவங்க ஓகே சொன்னாதான் கட்டுப்பாட்டை தளர்த்த முடியும்னு, அதுவும் உண்மையான வயசு போட்டிருந்தாதான் வசதி.

அப்புறம் கேமுக்குள்ள சாட்டை ஃபிரெண்ட்ஸ் மட்டும்னு வைங்க இல்ல மொத்தமா ஆஃப். வாய்ஸ் சாட்டும் தனியா இருக்கும், அதை மறந்துடாதீங்க. ஃபிரெண்ட் லிஸ்ட்டை அவனை பக்கத்துல உக்கார வெச்சுகிட்டு ஒவ்வொருத்தரா கேளுங்க, இவன நேர்ல பாத்திருக்கியா, இல்லன்னா தூக்கு. நீங்களா தூக்காதீங்க, அவன் விரலால தூக்கட்டும்.

பெத்தவங்க கட்டுப்படுத்தறதுக்குன்னே ஒரு வசதி இருக்கு, டேப்லெட் ஆண்ட்ராய்டுன்னா ஃபேமிலி லிங்க், ஆப்பிள்னா ஸ்கிரீன் டைம். ரெண்டுலயும் புது ஆப் இறக்கணும்னா உங்க அனுமதி கேக்கற மாதிரி வெச்சிடலாம், "வேற ஆப்புக்கு வா"ன்னு எவனாவது கூப்ட்டா அங்கயே மாட்டிக்கும். இது ரொம்ப முக்கியம், கேம் சாட்ல கொஞ்சமாவது கண்காணிப்பு இருக்கும், அதனாலதான் வெளிய இழுக்கறாங்க. பாஸ்கோடு அவன் பிறந்தநாளா இருக்க வேணாம், என் அக்கா பையன் மூணாவது ட்ரைலயே திறந்துட்டான்.

வீட்டு வைஃபைக்கு ரவுட்டர்ல டிஎன்எஸ்னு இருக்கற இடத்துல 1.1.1.3 போட்டா ஆபாச சைட்டும் வைரஸ் சைட்டும் வடிகட்டும், கிளவுட்ஃபிளேர்னு ஒரு இன்டர்நெட் கம்பெனி இலவசமா தர்றது. ஆனா மொபைல் டேட்டால போனா அது கிடையாது, கேம் சாட்டையும் அது பாக்காது. என் பேரே ரவுட்டர் ராஜா, நானே சொல்றேன், ரவுட்டரை நம்பி உக்காந்துடாதீங்க.

சும்மா படிக்கிறவன்:

இங்க நான் எழுதறதே இல்ல. எனக்கு இப்ப 23. 12 வயசுல அந்தப் பையன் நான்தான். ஸ்கின்காக எல்லாம் நான் பேசல. அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு தினமும் கேட்டது அந்த ஆள் ஒருத்தன்தான், கேட்டுட்டு ஞாபகம் வேற வெச்சிருப்பான், மறுநாள் "அந்த டெஸ்ட் என்னாச்சு"ன்னு வருவான். வீட்ல எல்லாரும் நல்லவங்கதான், பிஸி அவ்ளோதான். அதனால அவனை கெட்டவன்னு சொன்னதும் உங்க பையன் உடனே ஒத்துக்க மாட்டான் அக்கா, அவனுக்காக சண்டை கூட போடுவான். ஷாக் ஆயிடாதீங்க.

எதிர்க்கட்சி:

சரிங்க, பீரோ யோசனைய வாபஸ் வாங்கிக்கறேன். ஆனா ராத்திரி டேப்லெட் ஹால்ல இருக்கட்டும், அதுல நான் மாற மாட்டேன்.

தூக்கம் வராதவள்:

ஹால்லதான் சார் இருக்கு, எங்க போனும் பக்கத்துலயே சார்ஜ்ல இருக்கு, அது பையன் போட்ட கண்டிஷன்.

பேசியாச்சு. அண்ணா சொன்ன மூணையும் பேப்பர்ல எழுதி வெச்சுகிட்டு போய் சொன்னேன். முதல்ல முறைச்சான், அப்புறம் "நிஜமா எடுக்க மாட்டியா"ன்னு நாலு தடவை கேட்டான். வேற போட்டோ அனுப்பலன்னு சொல்றான், நம்பறேன், ஆனா திரும்பவும் கேப்பேன். தம்பி (சும்மா படிக்கிறவன்) சொன்னது அப்படியே நடந்துச்சு, "அவன் நல்லவன்மா, நீ அவன்கூட பேசினதே இல்ல"ன்னு ஒரே சண்டை. பெரிய ஆளுன்னா எதுக்கு 12ன்னு சொல்லணும்னு கேட்டேன், பதில் இல்ல. ரொம்ப நேரம் கழிச்சு அவனா வந்து "ஆனா அவன் என் கிளாஸ் பையன்கிட்டயும் போட்டோ கேட்டான், அவனும் 12ன்னுதான் நம்பறான்"னு சொன்னான்.

நாளைக்கு காலைல புகார் குடுக்க போறோம், அவரும் வர்றார். அந்தப் பையனோட அம்மா நம்பர் கிடைச்சிடுச்சு, அவங்களுக்கு என்னை சரியா தெரியாது, எப்படி ஆரம்பிக்கறதுன்னுதான் போனை கையில வெச்சுகிட்டு உக்காந்திருக்கேன்.

ரெண்டு பொண்ணுக்கு அப்பன்:

"பையனை திட்டாதீங்க"ன்னு ஆரம்பிங்க சிஸ்டர். விஷயத்தை அப்புறம் சொல்லலாம்.