ஐஸ்கஸி லாகினில் எரர் 24: டிஸ்கவரி மட்டும் ஓகே

கேள்வி: ஐஸ்கஸி (நெட்வொர்க் வழியாக டிஸ்க் தரும் முறை) பயன்படுத்துகிறேன். லினக்ஸ் சர்வரிலிருந்து ஸ்டோரேஜுக்கு 3260 போர்ட்டில் டிஸ்கவரி (ஸ்டோரேஜில் என்ன இருக்கிறது என்ற தேடல்) போகிறது, டார்கெட் (ஸ்டோரேஜ் பக்க முனை) பெயரும் வருகிறது. லாகின் கொடுத்தால் மட்டும் எரர் 24, ஆதரைசேஷன் ஃபெயிலியர். சாப் (லாகினைச் சரிபார்க்கும் முறை) பாஸ்வேர்டை கான்ஃபிக் ஃபைலில் மாற்றியும் அதே கதை. சர்வர் ஒரு குளோன் விஎம் (வேறொரு விர்ச்சுவல் மெஷினின் நகல்).

பதில் 1: நெட்வொர்க்கில் கோளாறு இல்லை, ஸ்டோரேஜ்தான் உள்ளே விட மறுக்கிறது. எட்சி-ஐஸ்கஸி ஃபோல்டரில் உள்ள இனிஷியேட்டர்நேம் ஃபைலைத் திறந்து, அதில் உள்ள ஐக்யூஎன் (சர்வரின் ஐஸ்கஸி பெயர்) ஸ்டோரேஜின் ஹோஸ்ட் லிஸ்டில் எழுத்துக்கு எழுத்து அப்படியே இருக்கிறதா பாருங்கள். குளோன் என்றால் மூல விஎம்மின் ஐக்யூஎன்னே இதிலும் இருக்கும். அதே பெயரில் இரண்டு சர்வரும் ஒரே லன்னை (ஸ்டோரேஜ் தரும் டிஸ்க்கை) மவுண்ட் செய்தால் ஃபைல்சிஸ்டம் காலி! புதிதாக ஒன்று உருவாக்கி, ஐஸ்கஸி சர்வீஸை ரீஸ்டார்ட் செய்து, ஸ்டோரேஜிலும் சேர்த்துவிடுங்கள்.

பதில் 2: பாஸ்வேர்டு விஷயம் வேறு. கான்ஃபிக் ஃபைலில் செய்யும் மாற்றம் ஏற்கெனவே டிஸ்கவர் ஆன டார்கெட்டுக்குப் போகாது. பழைய ரெக்கார்டு தனியாகச் சேமிக்கப்பட்டிருக்கும். அதை டெலீட் செய்து மறுபடி டிஸ்கவரி ஓட்டுங்கள். மவுண்டுக்கு எஸ்டிபி, எஸ்டிசி என்ற டிஸ்க் பெயர் வேண்டாம், ரீபூட்டில் மாறலாம், யூயூஐடி (ஃபைல்சிஸ்டத்தின் மாறாத அடையாள எண்) போடுங்கள். எஃப்எஸ்டேபில் (பூட்டில் மவுண்ட் செய்யவேண்டியவற்றின் பட்டியல் ஃபைல்) நெட்டெவ் ஆப்ஷனைப் போடாமல் விட்டால், நெட்வொர்க் வருமுன் மவுண்ட் முயன்று பூட் தொங்கும்.

கேட்டவர்: ஸ்டோரேஜுக்கு இரண்டு பாத் (நெட்வொர்க் வழி) இருக்கிறது, எல்எஸ்பிஎல்கே (டிஸ்க்குகளைப் பட்டியலிடும் கமாண்ட்) வெளியீட்டில் ஒரே லன் இரண்டு டிஸ்க்காகத் தெரிகிறது?

பதில் 2: அது சரிதான். மல்டிபாத்தை (பல பாத்களை ஒன்றாக்கும் வசதி) இயக்கி, அது உருவாக்கும் மேப்பர் டிவைஸை மட்டும் மவுண்ட் செய்யுங்கள். லாக்அவுட்டுக்கு முன் அன்மவுண்ட் கட்டாயம்.