கிளாரிஃபையரில் ஸ்லட்ஜ் படியவே மாட்டேன் என்கிறது

சேலம் அழகாபுரம் பக்கம் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் 100 கேஎல்டி (நாளைக்கு 100 கிலோலிட்டர்) எஸ்டிபி, அதாவது கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம். காற்று ஊதி நுண்ணுயிர்களால் சுத்திகரிக்கும் ஆக்டிவேட்டட் ஸ்லட்ஜ் முறை. சூப்பர்வைசராகப் பொறுப்பேற்று இரண்டு மாதம்தான் ஆகிறது, மூன்று வாரமாகக் கிளாரிஃபையர் (கசடைப் படியவிடும் தொட்டி) விளிம்பில் ஸ்லட்ஜ் (நுண்ணுயிர்க் கசடு) வழிந்து போகிறது, அந்தத் தண்ணீர்தான் செடிகளுக்குப் போகிறது என்பதால் மனசு கேட்கவில்லை.

ஒரு லிட்டர் சிலிண்டரில் 30 நிமிடத்தில் படிவது 850 மில்லி, எம்எல்எஸ்எஸ் (காற்றூட்டும் தொட்டி நீரில் உள்ள திடப்பொருள்) லிட்டருக்கு 3400 மி.கி., அதாவது எஸ்விஐ (ஒரு கிராம் ஸ்லட்ஜ் படிந்தபின் பிடிக்கும் இடம்) 250 மில்லி. பிஎச் 7.2. சிலிண்டரை இரண்டு மணி நேரம் வைத்தும் ஸ்லட்ஜ் மேலே எழும்பவில்லை, அதனால் நைட்ரஜன் வாயு காரணமில்லை, நூல் போல வளர்ந்து ஸ்லட்ஜைப் படியவிடாத இழை பாக்டீரியா என்றுதான் நினைக்கிறேன். முன்பு இரவில் காற்று ஊதும் பிளோயரை நிறுத்திவிடுவார்களாம், டிஓ (நீரில் கரைந்த ஆக்சிஜன்) லிட்டருக்கு 0.8 மி.கி.தான் இருந்தது. இப்போது 24 மணி நேரமும் ஓட்டி, பத்து நாளாக 2க்கு மேல் வைத்திருக்கிறேன். கிளாரிஃபையரிலிருந்து காற்றூட்டும் தொட்டிக்குத் திரும்பும் ரிட்டர்ன் ஸ்லட்ஜைக் கூட்டிப் பார்த்தேன், அப்புறம் தினமும் கொஞ்சம் வெளியேற்றியும் பார்த்தேன். எதுவும் மாறவில்லை.

அந்த இழை பாக்டீரியாவைக் கொல்ல ரிட்டர்ன் லைனில் ஹைப்போ (குளோரின் கரைசல்) போடலாமா, போட்டால் தினமும் எவ்வளவு?