நாலாவது கார இணையில் என்ன நடக்கிறது?

எம்.எஸ்சி. ப்ராஜெக்ட்டுக்காக, டி.என்.ஏ.வின் சின்னத் துண்டுகளில் மின்னூட்டம் எப்படி நகர்கிறது என்று டைட் பைண்டிங் முறையில் கணக்கிட்டேன். டி.என்.ஏ. ஏணியின் ஒவ்வொரு படியும் ஒரு கார இணை: குவானின்–சைட்டோசின் அல்லது அடினின்–தைமின். ஒவ்வொரு கார இணைக்கும் ஓர் ஆற்றல், பக்கத்து இணைக்குத் தாவ ஒரு மதிப்பு, அவ்வளவுதான் மாடல். எலக்ட்ரான் விட்டுப்போன காலியிடம், அதாவது துளை, முதல் இணையில் இருப்பதாக வைத்துத் தொடங்கினேன்.

முதலில் இரண்டே இணைகள். இரண்டுமே குவானின்–சைட்டோசின் என்றால் துளை முழுசாக அந்தப் பக்கம் போய் முழுசாகத் திரும்புகிறது. தாவல் மதிப்பு 0.1 எலக்ட்ரான் வோல்ட் என்றால் ஒரு சுற்றுக்குச் சுமார் 21 ஃபெம்டோ விநாடி (ஒரு ஃபெம்டோ விநாடி என்பது விநாடியில் நூறு கோடியில் ஒரு பங்கின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு). இரண்டாவதை அடினின்–தைமினாக மாற்றி, ஆற்றல் வித்தியாசம் 0.3 எலக்ட்ரான் வோல்ட் என்று கொடுத்தேன். சுற்று 11.5 ஃபெம்டோ விநாடியாகச் சுருங்கியது. ஆனால் துளை அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதோடு சரி, அதிகபட்சம் 31 சதவீத வாய்ப்புதான். வேகமாக ஆடுவது வேறு, நிறையக் கடத்துவது வேறு!

ஒரே மாதிரி மூன்று இணைகள் வைத்தாலும் ஒழுங்கு குலையவில்லை, 29 ஃபெம்டோ விநாடிக்கு ஒரு சுற்று. நாலாவதைச் சேர்த்தேன். எவ்வளவு நேரம் ஓடவிட்டாலும் வரைபடம் தொடங்கிய இடத்துக்கு அச்சு அசலாகத் திரும்பவே இல்லை. நிரலில் பிழையோ என்று வரிவரியாகத் தேடினேன், இல்லை. ஆற்றல் மட்டங்களை அச்சிட்டதும் விஷயம் புரிந்தது: தாவல் மதிப்பைப்போல் 1.618 மடங்கு, 0.618 மடங்கு, இரண்டு குறிகளிலும். தங்க விகிதம்! அலைவெண்களின் விகிதம் விகிதமுறா எண்ணாகிவிடுவதால் சுற்று ஒருபோதும் சரியாக மூடாது. அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

—

நான் ஆய்வுக்கூடப் பக்கம். இந்த ஃபெம்டோ விநாடி ஆட்டம் எங்கள் சோதனையில் தெரியாது. துளை குவானினில் தங்கும்போது தண்ணீர் வினைபுரிந்து அந்தக் காரம் சேதமாகும். அந்த இடத்தில் இழையை வெட்டி, துண்டுகளை நீளவாரியாகப் பிரிக்க ஜெல்லில் ஓட்டி, பட்டை எவ்வளவு அடர்த்தி என்று பார்ப்போம். 2001இல் பெர்ன்ட் கீஸே குழு நேச்சர் இதழில் காட்டியது இதைத்தான்: குவானின்களுக்கு நடுவில் உள்ள அடினின்–தைமின் பாலம் மூன்று இணை வரை நீள நீளக் கடத்தல் மளமளவென்று சரிகிறது. அதற்கு மேல் நீட்டினால் பெரிதாகக் குறைவதில்லை, துளை அடினின்களின் மேலேயே தாவித் தாவிப் போகிறது. உங்கள் மாடலில் தாவல் மதிப்பு அசையாமல் நிற்கிறது, தண்ணீரில் உள்ள டி.என்.ஏ. ஒரு கணமும் சும்மா இருப்பதில்லை. அதையும் சேர்த்துப் பாருங்கள்.

—

சரி, ஒவ்வோர் அடியிலும் தாவல் மதிப்பைக் குலுக்கி ஓட்டுகிறேன். கார இணைகளின் ஆற்றலையும் சேர்த்துக் குலுக்கணுமா?

—

கட்டாயம். சுற்றியிருக்கும் நீரும் அயனிகளும் நகரும்போது அந்த ஆற்றலும் மாறும்.