பகுத்தறிவுத் தேர்வா, முரணிலாத் தெரிவா?

மடல் 1
வணக்கம். முதுகலை அரசறிவியல் பாடநூலில் 'ரேஷனல் சாய்ஸ்' இயல் (மனிதர் தம் விருப்பங்களை வரிசைப்படுத்தி அதன்படி ஒன்றை எடுக்கிறார்கள் என்னும் கோட்பாடு) வெள்ளிக்குள் அச்சுக்குப் போக வேண்டும். வரைவில் 'பகுத்தறிவுத் தேர்வு' என்றிருக்கிறது. மெய்ப்பு பார்த்தவர் ஓரத்தில் "எந்த வகுப்புக்கு இந்தப் பரீட்சை?" என்று எழுதிவிட்டார். மாற்று சொல்லுங்கள்.

மடல் 2
தேர்வை விடுங்கள், பகுத்தறிவே சிக்கல். பெரியாருக்குப் பிறகு அந்தச் சொல்லைக் கேட்டால் மூடநம்பிக்கை மறுப்புதான் நினைவுக்கு வரும். பொருளியலார் கேட்பது வேறு. விருப்ப வரிசைக்கு இரண்டே நிபந்தனை. எந்த இரண்டையும் ஒப்பிட முடிய வேண்டும்: முழுமை. அ-வை ஆ-வைவிடவும், ஆ-வை இ-யைவிடவும் விரும்பினால், அ-வை இ-யைவிட விரும்ப வேண்டும்: கடப்பு. ராகுகாலம் பார்த்துக் கடை திறப்பவரும் இதில் தேறிவிடுவார். தேறாதவர், டீயைவிடக் காபி, மோரைவிட டீ, காபியைவிட மோர் என்பவர். காபியோடு நிற்பவர் ஒரு ரூபாய் கூடக் கொடுத்து மோர் வாங்குவார், இன்னொரு ரூபாய்க்கு டீ, மறுபடி ஒரு ரூபாய்க்குக் காபி. மூன்று ரூபாய் போனது, கையில் அதே காபி. ஆகவே 'முரணிலாத் தெரிவு'.

மடல் 3
'பகு'வைக் கைவிடாதீர்கள் ஐயா. லத்தீன் 'ராத்தியோ' என்றால் கணக்கு. ரேஷியோ, ரேஷன் எல்லாம் அதன் பிள்ளைகள். நம் பகு, பகுதி, பங்கு வரிசையும் அதே வேலையைச் செய்கிறது. கணிதத்தில் 'விகிதமுறு எண்' ஏற்கெனவே இருக்கிறதே, 'விகிதமுறு தெரிவு' என்றால் என்ன?

மடல் 4
ரேஷன் கடை வரிசையில் நின்றால் வெள்ளி போய்விடும். இலங்கையில் எங்களுக்குச் சாய்ஸ் என்றால் 'தெரிவு', எக்ஸாம் 'பரீட்சை', குழப்பமே இல்லை. குறளிலும் 47ஆம் அதிகாரம் 'தெரிந்துசெயல்வகை'.

மடல் 3-காரர் மீண்டும்
அதே குறளில் 'தேரான் தெளிவும்' (510) இருக்கிறதே! தேர்தல் என்றால் ஆராய்தல். பரீட்சைக்காரர்கள்தாம் பின்னால் வந்தவர்கள்.

மடல் 5
'தெரிவு' சரி. 'முரணிலா' கடப்பை மட்டும்தான் பிடிக்கிறது. வெளியூர் வேலையா, படுக்கையிலிருக்கும் தாயா என்று ஒப்பிடவே முடியாமல் நிற்பவர் எங்கே முரண்பட்டார்? அவரிடம் இல்லாதது முழுமை. பொருளியலார் ஹெர்பர்ட் சைமனின் 'வரம்புற்ற பகுத்தறிவு' (பவுண்டட் ரேஷனாலிட்டி) என்ன ஆகும்? அவர் பேசுவது மனிதனுக்கு இருக்கும் தகவல், நேரம், கணக்கிடும் திறன் ஆகியவற்றின் எல்லையை. 'வரம்புற்ற முரணின்மை' என்றால் அது தொலைந்தது. பொருளியலார் அமர்த்தியா சென் 1977 கட்டுரைக்கு வைத்த தலைப்பு 'ரேஷனல் ஃபூல்ஸ்', அதாவது 'பகுத்தறிவு முட்டாள்கள்'. 'முரணிலா முட்டாள்கள்' என்றால் குத்தல் எங்கே? பகுத்தறிவு என்ற பெருமையான சொல் பக்கத்தில் இருந்தால்தானே முட்டாள் உறைக்கும்.

மடல் 1-காரர்
நன்றி. இயல் முழுக்க 'பகுத்தறிவுத் தெரிவு'. முதல் பக்க அடிக்குறிப்பில் இரண்டு நிபந்தனைகளும், "இது கடவுள் மறுப்பைக் குறிக்காது" என்ற வரியும். மூன்று பேர் சரி என்றிருக்கிறீர்கள்.

மடல் 2-காரர்
அடிக்குறிப்பு போட்டு விளக்க வேண்டியிருந்தால் அது கலைச்சொல்லே இல்லை. என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள். அடுத்த பதிப்பில் பார்க்கலாம்.