படம் முடிந்த பிறகும் கூடவே வந்த படங்கள்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

போன ஞாயிறு மதியம் அம்மாவும் நானும் 'யாவரும் நலம்' பார்த்தோம். எனக்கு நான்காவது தடவை, அம்மாவுக்கு முதல் தடவை. 2009இல் வந்த படம். விக்ரம் குமார் இயக்கம், பி.சி.ஸ்ரீராம் ஒளிப்பதிவு. அப்போது மதுரையில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். இரவுக்காட்சி பார்த்துவிட்டு விடுதிக்கு நடந்தே திரும்பினோம், வழியெல்லாம் ஒருத்தரும் பேசவில்லை. இத்தனை வருடம் கழித்து அது பழைய படமாகத்தான் தெரியும் என்று நினைத்து உட்கார்ந்தேன். அப்படித் தெரியவில்லை.

ஒரு பெரிய குடும்பம் புது அடுக்குமாடி வீட்டுக்குக் குடிவருகிறது. அம்மா, அண்ணன், அண்ணி, தங்கை, குழந்தைகள் எல்லாரும் ஒரே வீட்டில். மதியம் ஒரு மணிக்கு வீட்டுப் பெண்கள் ஒரு சீரியல் பார்க்கிறார்கள். சீரியலிலும் ஒரு குடும்பம் புது வீட்டுக்கு வருகிறது. அங்கே என்ன நடக்கிறதோ அதுவே இங்கேயும் நடக்கிறது. அதைக் கவனிக்கிற ஒரே ஆள் மாதவன். அவர் ஏறினால் மட்டும் லிஃப்ட் நகராது. பூஜையறையில் சாமி படம் மாட்ட ஆணி இறங்காது. தினமும் பால் திரிந்துபோகும்.

அம்மா அந்தப் பால் விஷயத்தில்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார். அதுவரைக்கும் வெங்காயம் உரித்துக்கொண்டே பார்த்தவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். "புது வீட்ல பால் திரியக் கூடாதுடா" என்றார், அவ்வளவுதான். பேயும் ரத்தமும் வர இன்னும் நேரம் இருந்தது. ஆனால் புது வீடு என்றால் முதலில் பால் காய்ச்சுகிற நமக்கு, அது திரிந்தால் என்ன அர்த்தம் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த இயக்குநர் நம் அடுக்களையைத் தெரிந்தவர்.

இப்போது வருகிற பல பேய்ப் படங்களில் எனக்கு இருக்கிற வருத்தம் இதுதான். திடீரென்று காதைக் கிழிக்கிற சத்தம், கண்ணாடியில் ஒரு முகம், உடனே ஒரு காமெடி. உடம்பு தூக்கிப்போடுவது உண்மைதான். வண்டியை எடுத்துக்கொண்டு வெளியே வரும்போதே எல்லாம் போய்விடுகிறது. என்னைக் கேட்டால், நாளைக் காலையில் நான் தொடப்போகிற ஒரு பொருளில் பயத்தை வைத்துவிட்டுப் போகிறவர்தான் பேய்ப் படம் எடுக்கத் தெரிந்தவர். இந்தப் படத்தில் லிஃப்ட், பால், ஒரு மணி சீரியல். திங்கட்கிழமை ஆபீஸில் லிஃப்ட் கதவு மூடி ஒரு நொடி நகராமல் நின்றது. அந்த ஒரு நொடி எப்படி இருந்தது என்று எழுத வரவில்லை.

முடிவை நான் சொல்லவில்லை, பார்க்காதவர்கள் பாருங்கள். நீங்கள் சமீபத்தில் பார்த்ததில் எந்தப் படம் இப்படி வீடு வரைக்கும் வந்தது? பேய்ப் படமாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை.

* * *

தம்பி, பாலைப் பற்றி எழுதியிருந்தீர்கள். எனக்கு அது டேப் ரெக்கார்டர்.

நான் கும்பகோணம் பக்கம். எண்பதுகளின் கடைசியில் எங்கள் தெருவில் வீடியோ கேசட் போட்டுப் பார்க்கிற டெக் வாடகைக்கு எடுப்பார்கள். டிவி, டெக், மூன்று கேசட், ஒரு ராத்திரி; வீட்டுக்கு இவ்வளவு என்று காசு பிரித்துக்கொள்வது வழக்கம். முதலில் சாமி படம், பிறகு ரஜினி படம். பெரியவர்கள் தூங்கப் போன பிறகு மூன்றாவது கேசட். அப்படித்தான் 'ஈவில் டெட்' பார்த்தேன். அந்தப் படத்தைத் தனியாக உட்கார்ந்து பார்த்து முடித்தால் பரிசு தருகிறார்களாம் என்று ஊரெல்லாம் பேச்சு. யார் தருகிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. எத்தனையாவது பிரதியோ, திரை முழுக்கப் புள்ளியும் கோடும். ஓரத்தில் ஓடுகிற கோடுகளுக்குள்ளேயே ஏதோ இருக்கிற மாதிரித் தோன்றும்.

காட்டுக்குள் ஒரு பழைய வீடு. விடுமுறைக்கு வந்த ஐந்து பேர். கீழறையில் ஒரு டேப் ரெக்கார்டர் கிடைக்கிறது. அதைப் போட்டால் ஒரு மனிதர் குரல் மந்திரம் சொல்கிறது. எல்லாம் அதிலிருந்து கிளம்புகிறது. எங்கள் வீட்டில் அப்பா வாங்கி வைத்த டேப் ரெக்கார்டர் இருந்தது, கந்த சஷ்டி கவசம் போடுவோம். அந்த ராத்திரிக்குப் பிறகு ஒரு மாதம் நான் அந்தப் பட்டனை அழுத்தவில்லை. பட்டனை அழுத்தினதும் பாட்டு வருவதற்கு முன்னால் 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம் வருமே, அந்த இடைவெளியை என்னால் தாங்க முடியவில்லை.

இரண்டு வாரம் முன்னால் என் மகன் பெரிய டிவியில் அதே படத்தைத் துல்லியமான பிரதியில் போட்டுக் காட்டினான். 1981இல் வெளியான படம். சாம் ரைமிக்கு அப்போது இருபதைத் தாண்டின வயது; நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு, டென்னசியில் நிஜமாகவே காட்டுக்குள் இருந்த ஒரு வீட்டில் எடுத்திருக்கிறார். தரையோடு தரையாக மரங்களுக்கு நடுவே ஏதோ பாய்ந்து வருமே, அந்தக் காட்சிக்குத் தண்டவாளம் போடவெல்லாம் காசு கிடையாது. ஒரு பலகையில் கேமராவைக் கட்டி, ஆளுக்கு ஒரு முனையாகப் பிடித்துக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். இதை மகன்தான் சொன்னான். தெரிந்த பிறகு பயம் குறையும் என்று நினைத்தேன். கூடத்தான் செய்தது. மனுஷன் மூச்சிரைக்க ஓடுகிற அசைவு அதில் இருக்கிறது, அதனால்தான் அது நம்மைத் துரத்துகிற மாதிரி இருக்கிறது என்று இப்போது புரிகிறது.

சில இடங்களில் ரத்தம் அளவுக்கு மீறிப் போகிறது, அது எனக்குப் பிடிக்கவில்லை. சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் போட வேண்டாம்.

* * *

நான் பேய்ப் படம் பார்க்கிறவன் இல்லை. ஆனாலும் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' பற்றிச் சொல்ல வேண்டும். 2024இல் தமிழ்நாட்டிலேயே அத்தனை வாரம் ஓடின மலையாளப் படம், எல்லாரும் பார்த்திருப்பீர்கள். பள்ளிக்கூடத்தில் கொடைக்கானல் சுற்றுலா போனபோது குணா குகையை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தோம். மரத்தின் வேர்கள் மேலேயே நடக்கிற இடம். 'குணா' படம் எடுத்த இடம் என்று வாத்தியார் காட்டினார், "கண்மணி அன்போடு" பாடிக்கொண்டே பஸ் ஏறினோம்.

2006இல் அங்கே ஒரு பையன் நிஜமாகவே குழியில் விழுந்ததும், கூட வந்த நண்பனே கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கி மேலே கொண்டுவந்ததும் படம் வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். அவன் விழுகிற காட்சியில் இசையோ எச்சரிக்கையோ இல்லை. பேசிக்கொண்டே இருக்கிறார்கள், ஒருத்தன் காணோம். என் மனைவி என் கையைப் பிடித்தது நகத்தடமாக இரண்டு நாள் இருந்தது. இந்தப் படத்திலும் வருகிற அந்தக் 'கண்மணி' பாட்டை மறுபடியும் கேட்டால் எனக்குப் பழைய மாதிரி காதல் பாட்டாகக் கேட்கவில்லை. கயிறு இழுக்கிற ஞாபகம்தான் வருகிறது.

* * *

நாகர்கோவிலில் இருந்து எழுதுகிறேன். இங்கே மலையாளப் படங்கள் உடனுக்குடன் வரும். நான் சொல்ல வந்தது 'பிரமயுகம்'. 2024 பிப்ரவரியில் தியேட்டரில் பார்த்தேன், போன வாரம் மறுபடி வீட்டில்.

முழுக்கக் கறுப்பு வெள்ளை. கதை நடப்பது 17ஆம் நூற்றாண்டில். ஓடி வந்து தப்பித்த பாணன் ஒருவன், பாடுகிறவன், காட்டுக்குள் இடிந்து கிடக்கிற ஒரு மனைக்கு, அதாவது பழைய பெரிய வீட்டுக்கு, வந்து சேர்கிறான். உள்ளே வீட்டுக்காரரான ஒரு போற்றி (கேரள பிராமணர்), ஒரு சமையல்காரர். அவ்வளவுதான் ஆட்கள். போற்றியாக மம்மூட்டி. முதலில் பாடச் சொல்கிறார். பிறகு சோறு போடச் சொல்கிறார். "நீ என் விருந்தாளி" என்கிற மாதிரி நடத்துகிறார். சாதியில் கீழே வைக்கப்பட்டவனிடம் அந்தக் காலத்தில் அப்படி ஒருவர் பேசினால் அவனுக்குக் கண் கலங்கத்தானே செய்யும்? அந்த இடத்தில்தான் எனக்கு அடிவயிறு கலங்க ஆரம்பித்தது. கருணையாகத் தெரிகிற ஒன்று எப்போது பூட்டாக மாறுகிறது என்று நம்மால் கோடு போட்டுச் சொல்ல முடியாது.

அப்புறம் பகடை. பணயம் வைக்க என்னிடம் ஒன்றுமில்லையே என்கிறான் பாணன். உன்னிடம் நேரம் இருக்கிறதே, அதை வை என்கிறார் போற்றி. அவன் வைக்கிறான், தோற்கிறான். அதற்குப் பிறகு அந்த மனையில் எத்தனை நாள் போனது என்று அவனுக்கும் தெரியவில்லை, நமக்கும் தெரியவில்லை. மழை நிற்பதே இல்லை.

எங்கள் வீட்டில் ஆச்சியின் பித்தளைத் தாயக்கட்டை இரண்டு இருக்கிறது. விளிம்பு தேய்ந்து, புள்ளிகள் கைபட்டுக் கைபட்டு மழுங்கியிருக்கும். பொங்கல் லீவில் எல்லாரும் கூடினால் தாயம் ஆடுவோம். படம் பார்த்து வந்த ராத்திரி அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். சில்லென்று இருந்தது. ஆச்சி போய்ப் பதினோரு வருடம் ஆகிறது. நான் இரவு ஷிப்ட்டில் வேலை பார்க்கிறவன். என் நேரத்தை யாரிடம் வைத்துத் தோற்றுக்கொண்டிருக்கிறேன் என்ற கேள்வி அன்றைக்கு வந்தது, இன்னும் போகவில்லை. இதைப் பேய்ப் படம் என்று சொல்வதா என்றுகூட எனக்குச் சந்தேகம். ஆனால் இவ்வளவு ஆழமாக ஒரு படம் என்னைத் தொட்டு வெகுநாளாகிறது.

* * *

'சின்னர்ஸ்' யாரும் சொல்லவில்லையே! 2025 ஏப்ரலில் வந்தது, ரயன் கூக்ளர் படம். 1932, மிசிசிப்பி மாநிலத்தில் கிளார்க்ஸ்டேல். இரட்டையர் இரண்டு பேராகவும் மைக்கேல் பி. ஜோர்டன். பழைய மர அறுவை ஆலையை வாங்கி, கறுப்பின மக்கள் வந்து ஆடிப்பாட ஓர் இடம் திறக்கிறார்கள். ஒரே ராத்திரியில் எல்லாம் முடிகிறது. பாதிரியாரின் மகன் கிட்டாரை எடுத்துப் பாட, முன்னோர்களும் இனி வரப்போகிறவர்களும் அதே கூடத்தில் வந்து ஆடுகிற காட்சியில் தியேட்டரே அடங்கிப்போனது. நான் அழுதேன்.

இதில் வருகிற ரத்தக்காட்டேரிகள் கூப்பிடாமல் உள்ளே வர முடியாது. வாசலில் நின்று, தெரிந்தவர் முகத்தோடு, தெரிந்தவர் குரலில் கேட்கிறார்கள். எங்கள் அப்பத்தா சொல்லும்: ராத்திரியில் பேர் சொல்லி யாராவது கூப்பிட்டால் மூன்றாவது தடவை கூப்பிட்ட பிறகுதான் பதில் கொடுக்கணும் என்று. எங்கேயோ மிசிசிப்பியில் நடக்கிற கதை, எனக்குப் புதுக்கோட்டையில் எங்கள் வீட்டுத் திண்ணை ஞாபகம் வந்தது.

* * *

எல்லாருக்கும் நன்றி. ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று தடவை படித்தேன். கும்பகோணம் அக்கா சொன்ன அந்த 'ஸ்ஸ்' சத்தம் எனக்கும் நன்றாகத் தெரியும்.

இதற்கிடையில் ஒரு நண்பன் சொல்லி ஜான் கார்பென்டரின் 'தி திங்' பார்த்தேன். அண்டார்க்டிகாவில் ஓர் ஆராய்ச்சி முகாம். யாரைப் போல வேண்டுமானாலும் உருமாறும் ஒன்று உள்ளே வந்துவிட்டது. 1982 ஜூனில் வந்து அப்போது சரியாக ஓடாத படம். அன்பான வேற்றுக்கிரகவாசியைக் காட்டின 'ஈ.டி.' அதற்கு இரண்டு வாரம் முன்புதான் வந்திருந்தது, ஜனங்களுக்கு அதுதான் பிடித்தது. விமர்சகர்களும் வெறுத்தார்கள். பிறகு வீடியோவிலும் டிவியிலும் பார்த்துப் பார்த்துத்தான் ஜனங்கள் இதைத் தூக்கி நிறுத்தினார்கள்.

அதில் அந்தக் கோரமான உருமாற்றங்களைத்தான் எல்லாரும் பேசுகிறார்கள். என்னால் மறக்க முடியாதது ஒரு நாய். முகாமுக்குள் வந்த நாய் நடைக்கூடத்தில் மெதுவாக நடக்கிறது. குரைப்பதில்லை, வாலாட்டுவதில்லை. ஓர் அறை வாசலில் நின்று உள்ளே பார்க்கிறது. சுவரில் ஒரு மனிதனின் நிழல் மட்டும் தெரிகிறது, அந்த நிழல் திரும்புகிறது. அவ்வளவுதான் காட்சி. எங்கள் தெருமுனையில் தினமும் என்னோடு வாசல்வரை வருகிற ஒரு கறுப்பு நாய் இருக்கிறது. பிஸ்கட் போடுவேன். இந்த வாரம் அது என்னை நிமிர்ந்து பார்த்தபோது நான் முதலில் அதன் வாலைத்தான் பார்த்தேன். ஆட்டினது.

இந்த ஞாயிறு 'பிரமயுகம்' என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். கறுப்பு வெள்ளை என்றதும் அம்மாவுக்கு 'நெஞ்சம் மறப்பதில்லை' ஞாபகம் வந்துவிட்டது. 1963இல் வந்த ஸ்ரீதர் படம். அம்மா சின்னப் பெண்ணாக டூரிங் டாக்கீஸில் மணலைக் கூட்டி மேடாக்கி அதன்மேல் உட்கார்ந்து பார்த்தாராம். அதில் நம்பியார் நூறு வயதைத் தாண்டிய கிழவராக, பழைய பகை தீராமல் காத்துக்கொண்டிருப்பார். பி.சுசீலா பாடிய அந்தத் தலைப்புப் பாட்டை அம்மா இன்றைக்கும் முணுமுணுப்பார், அடுப்படியில் தனியாக இருக்கும்போது மட்டும்.

"படம் முடிஞ்சு வீட்டுக்கு வரப்ப தாத்தா எனக்கு முன்னாடி லாந்தரைப் பிடிச்சுட்டு நடந்தார். எங்க தாத்தாதான். ஆனா வீடு வந்து சேர்ற வரைக்கும் அவர் முகத்தை நான் பார்க்கவே இல்ல" என்றார் அம்மா.